கீழே லைன் பறக்கிறது, மாடியில் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? இரட்டை மாடி வீட்டு வைஃபை கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அக்கா வீடு செந்தூலில் இருக்கிறது. இரட்டை மாடி டெரஸ் வீடு, 22க்கு 75 அடி மனை. ஃபைபர் கம்பி தெருவிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக்கு மேலாக வந்து முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் இறங்குகிறது. ரவுட்டரும் அங்கேதான். ஐந்தாம் படிவம் படிக்கும் அவள் மகளின் அறை மாடியில், பின்பக்கம். வீட்டின் ஒரு மூலையில் ரவுட்டர், நேர் எதிர் மூலையில் ஒரு தளம் மேலே எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை. "தம்பி, மேல லைனே இல்ல லா. பிள்ளை படிக்கட்டுல உக்காந்து டியூஷன் பாக்குது" என்று அக்கா போனில் சொன்னதும் அந்த வாரமே கிளம்பிப் போனேன்.

செராஸ், கெப்போங், செத்தாப்பாக், ஜாலான் ஈப்போ என்று கோலாலம்பூரில் எந்தத் தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், போனாலும் இதே அமைப்புள்ள வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஃபைபர் முன்பக்கம் நுழையும், படுக்கை அறைகள் மேலே இருக்கும், நடுவில் கான்கிரீட் தளம். அதனால் கோளாறும் பெரும்பாலும் ஒன்றேதான். ஆனால் "ஸ்லோ" என்ற ஒரே சொல்லுக்குள் ஆறேழு வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரியாமல் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கினால் பணம் போகும், நோய் அப்படியே இருக்கும். எனவே பர்ஸைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி அளந்து பாருங்கள்.

முதலில் மூன்று எண்கள்

ஒரு மடிக்கணினியை கேபிள் போட்டு ரவுட்டரில் நேராகச் செருகி வேகச் சோதனை ஒன்றை ஓட்டுங்கள். இது முதல் எண். அப்புறம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரவுட்டருக்கு ஆறேழு அடி தள்ளி நின்று, வைஃபையில் அதே சோதனை. இது இரண்டாவது. கடைசியாக, எந்த அறையில் தொல்லையோ அந்த அறையில், வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து மூன்றாவது. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை செய்து ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காத நேரமாக இருந்தால் நல்லது.

அக்கா வீட்டில் மாதக் கட்டணம் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) திட்டத்துக்கு. கேபிளில் 296 வந்தது. ரவுட்டர் பக்கத்தில் வைஃபையில் 270. படிக்கட்டு திரும்பும் இடத்தில் 140. மாடி முன் அறையில் 60. பின் அறையில் 6. தாளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் லைனில் குறை இல்லை, ரவுட்டரிலும் குறை இல்லை. வீட்டுக்குள், காற்றில் வரும் வழியில்தான் 290 போய்விடுகிறது. இந்த வீட்டுக்காரர் 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் பின் அறையில் 6தான் வரும். இதை அழுத்திச் சொல்கிறேன். அக்காவும் அதைத்தான் செய்யப் போயிருந்தாள்.

வேகத்தோடு சிக்னல் அளவையும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி என்ற செயலியை இறக்கி, அமைப்புகளில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் காட்டும். எண் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக நடக்கும். மைனஸ் 75க்குக் கீழே இறங்கினால் திணறல். மைனஸ் 80க்கு அப்பால் இணைந்திருப்பதாகக் காட்டும், வேலை ஆகாது. ஒவ்வொரு 3 குறைவுக்கும் சிக்னலின் சக்தி பாதியாகிறது என்பதை நினைவில் வைத்தால் 60க்கும் 75க்கும் உள்ள தூரம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

இனி அறிகுறிக்கு வருவோம்.

கேபிளிலேயே 94, 95ஐத் தாண்டவில்லை

இந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒரு வகையில் சந்தோஷம், ஏனென்றால் கையும் களவுமாகப் பிடிபடுகிற கோளாறு இது. 300க்கோ 500க்கோ பணம் கட்டுகிறீர்கள், சோதனை ஒவ்வொரு முறையும் 94க்குப் பக்கத்தில் போய் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது என்றால், நடுவில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், வேகத்துக்கு நான்கும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு ஜோடி அறுந்தால் லைன் செத்துப்போவதில்லை, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், சோபா கால் ஏறிய கேபிள், முனையில் உள்ள பிளாஸ்டிக் தலைப்பை யாரோ சரியாக அழுத்தாத கேபிள், இப்படி எதுவாகவும் இருக்கலாம். ஃபைபர் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு முழக் கேபிளையே முதலில் மாற்றிப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் குற்றவாளி அதுதான்.

கண்ணாடி போன்ற அந்தத் தலைப்பை வெளிச்சத்தில் பிடித்தால் கம்பிகளின் வரிசை தெரியும். கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, செம்புத் தகடுகள் மேலே தெரியும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையும் இப்படியே இருக்க வேண்டும். எட்டும் தலைப்பின் நுனிச் சுவரைத் தொட வேண்டும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றாலே போதும், வேகம் மூன்றில் ஒன்றாகிவிடும்.

கேபிள் நன்றாக இருந்தும் 94தான் என்றால் ரவுட்டரின் துளைகளே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். விலை குறைந்த பல ரவுட்டர்கள் இன்றும் அப்படித்தான் வருகின்றன. பெட்டியில் வைஃபை வேகம் 1200 என்று பெரிய எழுத்தில் இருக்கும், பின்னால் உள்ள துளை 100தான். வாங்கும்போது "ஜிகாபிட் போர்ட்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரவுட்டர் பக்கத்தில் நின்றாலே 40, 50தான்

கேபிளில் 300, கைப்பேசியில் ரவுட்டருக்கு அருகிலேயே 45. கைப்பேசி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒட்டியிருக்கிறது என்று தொண்ணூறு சதம் சொல்லலாம். அந்த அலைவரிசை தூரம் போகும், சுவரை ஓரளவு தாங்கும், ஆனால் கூட்டம் அதிகம். வேகத்துக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ்தான். ரவுட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துச் சோதித்துப் பாருங்கள். காரணம் உறுதியானபின் வேண்டுமானால் மறுபடி ஒரே பெயராக்கலாம். வீட்டுக் கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் பல 2.4 மட்டுமே புரிந்துகொள்ளும், ஆகவே அதை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள்.

கீழே பறக்கிறது, மேலே சுற்றுகிறது

இதுதான் அக்கா வீட்டு நோய். இந்த ஊரில் மாடி வீடு வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேரின் நோயும் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

நம் வீடுகளில் மாடித் தளம் என்பது பெரும்பாலும் ஐந்து அங்குல அளவிலான கான்கிரீட். உள்ளே பி.ஆர்.சி. கம்பி வலை. மேலே சிமெண்ட் பூச்சு, டைல்ஸ். குளியலறை இருந்தால் அதன் கீழே குழாய்களும் ஈரமும். இந்தத் தளம் 2.4 ஜிகாஹெர்ட்ஸையே நன்றாகக் குறைக்கும், 5 ஜிகாஹெர்ட்ஸை இன்னும் அதிகமாகக் குறைக்கும். அது மட்டும் இல்லை. ரவுட்டர் முன் ஹாலில், பிள்ளை 40 அடி பின்னால், 10 அடி மேலே என்றால் அலை தளத்தை நேராகக் கடப்பதில்லை, சாய்வாகக் கடக்கிறது. தாளில் ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள்: அந்தச் சாய்வில் ஐந்து அங்குலத் தளம் இருபது அங்குலத் தடிப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு நடுவில் இரண்டு மூன்று செங்கல் சுவர்கள். சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டிய வீடுகளில் பழைய வெளிச்சுவரும் உள்ளேயே நிற்கும்.

ஆனால் எல்லா மாடி வீட்டிலும் கான்கிரீட் இல்லாத ஒரு வழி உண்டு: படிக்கட்டு. அங்கே தளத்தில் ஒரு பெரிய ஓட்டை. புகை எந்த வழியாக மாடிக்கு ஏறுமோ அந்த வழியாகத்தான் சிக்னலும் நன்றாக ஏறும். டியூஷனுக்காகப் பிள்ளை படிக்கட்டில் போய் உட்கார்ந்தாளே, அவளுக்கு அது தானாகவே தெரிந்திருக்கிறது. ஆகவே முதல் சிகிச்சை ரவுட்டரைப் படிக்கட்டடிக்கு நகர்த்துவது. ஃபைபர் மோடம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஃபைபர் கம்பியை இழுத்து வளைக்க வேண்டாம். மோடத்திலிருந்து ரவுட்டருக்கு ஒரு நீளமான நெட்வொர்க் கேபிள் போட்டால் போதும். 15 மீட்டர் கேபிளைச் சுவரோரமாக ஓட்டி வெள்ளை கேசிங்குக்குள் அடைத்துவிட்டால் கண்ணில்கூடப் படாது. மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக வரும் இணைப்பு என்றால் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, படிக்கட்டடியில் தனியாக ஒரு ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் முறையில் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக மட்டும் பரப்பும் முறை) வைக்கலாம்.

நகர்த்தும்போது உயரத்தையும் கவனியுங்கள். தரையில் வேண்டாம், தோள் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். டிவி அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். மீன் தொட்டிக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம், தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். குளிர்சாதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, இரும்பு அலமாரி இவற்றின் முதுகுப்பக்கமும் ஆகாது. சில வீடுகளில் சாமி அலமாரிக்கு மேல் வைத்திருப்பார்கள். உயரம் சரிதான், ஆனால் ஊதுவத்திப் புகையும் கற்பூரக் கரியும் காற்றோட்டத் துளைகளில் படிந்துவிடும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா உள்ள ரவுட்டரா? குச்சி நிமிர்ந்து நின்றால் சிக்னல் பக்கவாட்டில் பரவும், குச்சியின் நுனி நோக்கிய திசையில் மிகக் குறைவாகவே போகும். எல்லாக் குச்சியையும் நிமிர்த்தி வைத்தால் மாடிக்குக் கிடைப்பது அந்தக் குறைந்த பங்குதான். ஒன்றிரண்டைப் படுக்க வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

ரவுட்டரைப் படிக்கட்டடிக்குக் கொண்டு வந்தபின் அக்கா வீட்டின் பின் அறையில் 6 என்பது 55 ஆனது. டியூஷனுக்கு இது தாராளம். பல வீடுகளில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்த அறையிலிருந்துதான் அத்தானும் வாரத்தில் இரண்டு நாள் வேலை பார்க்கிறார்.

மாடிக்கு நிரந்தர வழி ஒரு கேபிளை மேலே ஏற்றுவது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரே வைஃபையைப் பல பெட்டிகள் சேர்ந்து பரப்பும் மெஷ் அமைப்பில் எவ்வளவு விலையுள்ள பெட்டியும் கான்கிரீட்டோடு மல்லுக்கட்ட வேண்டும், கேபிள் அதைச் சுற்றிப் போய்விடும். சுவரை உடைக்க வேண்டுமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். தேவையில்லை. பழைய வீடுகளில் மாடிப் பெரிய அறையில் யாரும் பயன்படுத்தாத ஒரு தொலைபேசிச் சாக்கெட் சுவரில் இருக்கும். அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கீழ் ஹாலில் இருக்கும் தொலைபேசிச் சாக்கெட்டிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய் சுவருக்குள்ளேயே மேலே வந்து முடிகிறதென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அக்கா வீட்டில் அப்படி ஒரு குழாய் இருந்தது. உள்ளே பழைய தொலைபேசி வயர். அதன் கீழ் முனையில் புதிய கேட் 6 கேபிளைக் கட்டி, முடிச்சு தடிக்காமல் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலிருந்து அத்தான் இழுத்தார், கீழிருந்து நான் தள்ளினேன். எட்டடி போனதும் நின்றுவிட்டது. குழாய் வளையும் இடம். பலம் கொண்டு இழுத்தால் பழைய வயர் அறுந்து, அதோடு வழியும் போய்விடும். அக்கா சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டு வந்தாள். கேபிள் மேல் நன்றாகத் தடவி, நான் கீழே இரண்டு அங்குலம் பின்னால் வாங்கி, ஒரு சுழற்று சுழற்றித் தள்ளினேன். மேலே அத்தான் "வருது, வருது" என்றார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த அறையிலிருந்து பின் அறைக்குச் சுவரோரமாக ஓட்டி, முனையில் ஒரு அக்சஸ் பாயிண்ட். இப்போது அங்கே வைஃபையில் 280 வருகிறது.

குழாய் இல்லையென்றால் ஏர்கான் குழாய் போகும் துளை இருக்கிறது. மாடி அறையின் ஏர்கானிலிருந்து வெளியே இறங்கும் வெள்ளைக் கேசிங்கில் ஒரு கேபிளுக்கு இடம் கிடைக்கும். வெளியே ஓடும் கேபிள் மட்டும் வெயில் தாங்கும் கறுப்புத் தோல் வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடுகிற சாதாரணக் கேபிள் நம் வெயிலில் சில வருடங்களில் நொறுங்கிப்போகும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே விலைப் பலகையில் தொங்கும். மின்சார வயரோடு ஒரே குழாயில் நெட்வொர்க் கேபிளைப் போடாதீர்கள். கணினிக் கடைகள் நிறைந்த பிளாசா லோ யாட்டில் நீளத்தைச் சொன்னால் இரண்டு பக்கமும் தலைப்பு அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் குழாய்க்குள் இழுப்பதாக இருந்தால் தலைப்பு இல்லாமல் வாங்கி, இழுத்தபின் அடிப்பதுதான் சரி.

வாடகை வீடு, எதையும் தொடக்கூடாது என்கிற நிலையா? மின்சார வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் பெட்டிகள் உண்டு. இவற்றைச் சுவர்ச் சாக்கெட்டில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷனில் செருகினால் வேகம் செத்துவிடும். இன்னொன்று: வீட்டு மின்சாரம் பிரியும் டி.பி. பாக்ஸைத் திறந்து மெயின் சுவிட்ச்சைப் பாருங்கள். இரண்டு கம்பிக்கான அகலமாக இருந்தால் சிங்கிள் ஃபேஸ், நன்றாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு. நான்கு கம்பிக்கான அகலமாக இருந்தால் த்ரீ ஃபேஸ். கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறொரு ஃபேஸிலும் இருந்தால் இந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே திணறும். திருப்பிக் கொடுக்கலாம் என்கிற கடையில் வாங்கிச் சோதிப்பதே பாதுகாப்பு.

சிக்னல் கட்டம் நிறைய இருக்கிறது, வேகம் இல்லை

சில வருடங்களுக்கு முன் என் சொந்த வீட்டில் இந்தத் தவற்றை நானே செய்தேன். மாடிப் பின் அறையில் சிக்னல் இல்லை என்று, ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன். கடைக்காரர் "எந்த அறையில் லைன் இல்லையோ அங்கே செருகுங்கள்" என்றார், செருகினேன். கைப்பேசியில் கட்டம் முழுதாக வந்தது. வேகம் 4. ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன்.

கைப்பேசி காட்டும் கட்டம் உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்கிறது. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. சிக்னல் வராத அறையில் வைத்த ரிப்பீட்டருக்கும் சிக்னல் வராது, தனக்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்? ஆகவே ரிப்பீட்டரோ மெஷ் பெட்டியோ, இரண்டாவதை வைக்க வேண்டிய இடம் பாதிவழி. முதல் பெட்டியின் சிக்னல் இன்னும் மைனஸ் 65 அளவில் நன்றாக இருக்கிற இடம். டெரஸ் வீட்டில் அது பெரும்பாலும் படிக்கட்டு ஏறி முடியும் மாடி வராந்தா. அங்கிருந்து பின் அறைக்கு ஒரு சுவர்தான் தடை, தளம் இல்லை.

பாதிவழியில் வைத்தாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரே வாயால் கேட்கவும் பேசவும் வேண்டியிருக்கிறதல்லவா? இரண்டு அலைவரிசை மெஷ்ஷிலும் ஓரளவு இதே கதைதான். மூன்று ரேடியோ உள்ள மெஷ் இதைச் சமாளிக்கும், விலை கூடும். மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் இந்தப் பேச்சே இல்லை. மலிவான இரட்டை அலைவரிசைப் பெட்டிகூடக் கேபிளோடு இணைத்தால் கேபிள் இல்லாத விலையுயர்ந்த பெட்டியை மாடியில் தோற்கடிக்கும். என் அனுபவத்தில் ஒருமுறையும் இது மாறியதில்லை.

ஹாலில் பிடித்த லைனை மாடியிலும் விடமாட்டேன் என்கிறது

இரண்டு பெட்டி வைத்தாயிற்று, இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் ஹாலிலிருந்து மாடிக்குப் போனால் கைப்பேசி கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டு திணறுகிறது. வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. எந்தப் பெட்டிக்கு மாறுவது, எப்போது மாறுவது என்பதைக் கைப்பேசிதான் தீர்மானிக்கிறது, ரவுட்டர் அல்ல. ஐஃபோன் மைனஸ் 70க்குக் கீழே இறங்கினால்தான் வேறு பெட்டி தேடத் தொடங்கும். கீழ்ப் பெட்டியின் 2.4 சிக்னல் மாடியிலும் மைனஸ் 68 என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தேடவே தேடாது.

இரண்டு பெட்டிக்கும் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு 2.4 ஜிகாஹெர்ட்ஸின் அனுப்பும் சக்தியை இரண்டிலும் நடுத்தரத்துக்குக் குறையுங்கள். சக்தியைக் குறைத்தால் மோசமாகுமே என்று தோன்றும், ஆனால் குறைத்த பிறகுதான் கைப்பேசி பழைய பெட்டியை விட்டு விலகும். மெஷ் அமைப்பில் "ஃபாஸ்ட் ரோமிங்" என்று ஒரு தேர்வு இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள். பழைய பிரிண்டர் ஏதாவது முரண்டு பிடித்தால் மட்டும் அணைத்துவிடலாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும்

பகலில் சரி, இரவில் இழுக்கிறது. மறுபடி கேபிளில் அளந்து பாருங்கள், இந்த முறை இரவு ஒன்பது மணிக்கு. கேபிளிலும் குறைந்திருந்தால் குறை வெளியே. நேரத்தோடும் எண்ணோடும் எழுதி வைத்து, சேவை நிறுவனத்திடம் அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். கேபிளில் குறையவில்லை என்றால் அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல். டெரஸ் வீட்டில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அந்தப் பக்கம் அவர்கள் ரவுட்டர். செயலியில் பார்த்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருபது பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. எதில் கூட்டம் குறைவோ அதைக் கையால் தேர்ந்தெடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து எல்லாரும் 40 வைக்கிறார்கள், அதனால்தான் தெரு முழுக்க எல்லாருக்கும் குறைகிறது.

5 ஜிகாஹெர்ட்ஸில் 80 அகலம் பரவாயில்லை, இடம் உண்டு. ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே சில நேரம் ஒரு நிமிடம் காணாமல் போய் மறுபடி வருகிறது என்றால் ரவுட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல் ஒன்றில் இருக்கலாம். அந்தப் பகுதியை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. 36 முதல் 48 வரை உள்ள ஒரு சேனலை நிலையாக வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒருவர் வீடியோ அனுப்பினால் மற்றவர் மீட்டிங் உறைகிறது

தைப்பூசம் முடிந்து பத்துமலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இது நன்றாகத் தெரியும். எல்லார் கைப்பேசியும் காவடி வீடியோக்களைத் தானாக மேலே ஏற்றத் தொடங்கும், வீட்டில் வேறு யாராலும் எதுவும் செய்ய முடியாது. பல திட்டங்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு. அந்தக் குறுகிய வழி அடைத்துக்கொண்டால் "வந்து சேர்ந்தது" என்ற சிறு பதில்கூட வெளியே போக முடியாமல் வரிசையில் நிற்கும், அதனால் இறக்கமும் நிற்கும். சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற பகுதியில் ஏற்றும் வேகத்தின் உச்சத்தை, நீங்கள் அளந்து எடுத்த எண்ணில் 85 முதல் 90 சதமாக வையுங்கள். அப்படி ஒரு பகுதி இல்லாத ரவுட்டர் என்றால் புகைப்படக் காப்பை நள்ளிரவுக்குத் தள்ளிப் போடுவதுதான் வழி.

மொத்தமாகப் போய்விடுகிறது

ஃபைபர் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் உள்ளே ஒளி வரவில்லை. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. சோபாவை நகர்த்தும்போது மெல்லிய ஃபைபர் கம்பி மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மடிப்பை மெதுவாக நிமிர்த்தியும் சிவப்பு போகவில்லை என்றால் சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான்.

சிவப்பு இல்லை, ஆனால் ரவுட்டர் சில மணிக்கு ஒருமுறை தானே அணைந்து எரிகிறது என்றால் கையை மேலே வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியாத சூடா? மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். சூடு இல்லையென்றால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதைவிடக் குறையக் கூடாது.

புதிய ரவுட்டர் மாற்றியதும் இணையமே வரவில்லையா? டி.எம். நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பு என்றால் ரவுட்டரில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டால் மட்டும் போதாது, ஒரே கம்பியில் இணையத்தையும் டிவியையும் பிரித்துக் காட்டும் வி-லான் எண்ணை 500 என்றும் போட வேண்டும். டிவி பெட்டிக்கு 600. மலேசியாவில் விற்கும் பல ரவுட்டர்களில் "யூனிஃபை" என்று ஒரு தயார் தேர்வு இருக்கும், அதைத் தட்டினால் இரண்டும் தானாக அமையும்.

அப்புறம் மாலை இடி. கோலாலம்பூரில் பிற்பகல் கறுத்தால் எப்படி இடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபரில் உலோகம் இல்லாவிட்டால் மின்னல் அந்த வழியாக வராது. மின்சாரச் சாக்கெட் வழியாக வரும், நீளமான நெட்வொர்க் கேபிள் வழியாக ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இடி தொடங்கும் முன்பே மோடம், ரவுட்டர், மாடிப் பெட்டி மூன்றின் பிளக்கையும் உருவிவிடுங்கள், சுவிட்ச்சை மட்டும் அணைப்பது போதாது. மாடிக்குப் போகும் கேபிளையும் ரவுட்டரிலிருந்து கழற்றிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. அக்கா வீட்டில் மூன்று பிளக்கிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன், கறுத்த வானத்தைப் பார்த்ததும் வீட்டில் யார் இருந்தாலும் எதை உருவ வேண்டும் என்று கேட்காமல் தெரியட்டும் என்று. எந்தக் கேபிள் எந்தத் துளைக்குப் போகிறது என்று வரைந்த தாளும், அன்று அளந்த எண்களும் டி.பி. பாக்ஸின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கின்றன.